ஓநாய் வந்த கதவு

லோன் பாப்லர் ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் மொத்தம் நாலு. பழைய ரயில் நிலையம், கோதுமை சேமிக்கும் கோபுரம், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், டோர்வால்ட் வீடு. நாலையும் சுற்றிக் காட்ட இருப்பது ஒரே ஆள், ஆர்னே டோர்வால்ட். சஸ்காட்செவான் சமவெளியில் இந்த மாதிரி ஊர்களுக்கு ரயில் நின்றுபோய், பள்ளிக்கூடம் மூடிப்போய், கடைசியில் விற்க மிச்சம் இருப்பது செத்தவர்கள் மட்டும்தான். ஆர்னே அதை வஞ்சனை இல்லாமல் விற்றுக்கொண்டிருந்தான்.

இன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி. நாளைக்கு ஊர்த் திருவிழா. பள்ளிக்கூட வாசலில் ஒரு வெண்கலச் சிலையைத் திறக்கப்போகிறார்கள். துணியைப் போர்த்திக்கொண்டு அது இப்போதே தயாராக நின்றது. துணிக்குள் இருப்பது ஏழு வயசுப் பெண், கையில் ஸ்கிப்பிங் கயிறு. செத்தவர்களுக்குத்தான் சிலை வைப்பார்கள் என்று யார் சொன்னது? அந்தப் பெண் உயிரோடுதான் இருந்தாள். பெயர் சிக்னி டோர்வால்ட், வயசு அறுபத்தேழு. இந்த நிமிஷம் ஒரெஸ்ட்டின் காரில், பின் சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் உள்ள வரல," என்றாள் சிக்னி. "அந்த வீட்டுல நான் காலெடுத்து வச்சு அம்பது வருஷம் ஆச்சு. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கயித்தை நான் அவுத்தேனா, இல்லையா?"

"உங்களுக்கே ஞாபகம் இல்லையாம்மா?" என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஒரெஸ்ட்.

"அவுத்த ஞாபகம் சுத்தமா இல்ல. அப்பா நான்தான்னாரு. ஊரே நான்தான்னுச்சு. கேட்டுக் கேட்டு, இப்ப என் விரலே அவுத்த மாதிரி இருக்கு. என்னைக் கட்டிக்கிறேன்னு வந்தவன் ஒருத்தன், ஆத்தாளைக் கொன்னவளான்னு கேட்டுட்டு கோட்டைக்கூட மாட்டாம ஓடிட்டான். இத்தனை நாள் வாயால சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். நாளைக்குச் சிலையா வச்சுட்டா? நான் செத்தப்புறமும் நின்னு சொல்லும்ல?"

முன் சீட்டில் இருந்த துப்பறியும் மார்த்தா ரெம்பெல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உண்மை எதுவா இருந்தாலும் சொல்லிடுவேன். பரவாயில்லையா?"

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

மார்த்தா துப்பறிய வருவதற்கு முன்னால் இன்சூரன்ஸில் இருந்தவள். ஆலங்கட்டி மழை என்று நஷ்டஈடு கேட்கும் விவசாயிகளின் வீட்டுக்குப் போய்க் கூரையைத் தடவிப் பார்க்கிற வேலை. வானம் போட்ட பள்ளம் எது, ராத்திரி சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறியவன் போட்ட பள்ளம் எது என்று விரலாலேயே சொல்லுவாள். அந்த வேலையில் அவளுக்கு நண்பர்கள் யாரும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரெஸ்ட் மட்டும்தான். கார் ஓட்டுவான், சாப்பிடுவான், பேசுவான். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வான்.

ரயில் நிலையத்தில் ஒன்றும் இல்லை. கோதுமைக் கோபுரத்தில் புறா எச்சம் இருந்தது. பள்ளிக்கூடத்தில்தான் ஆர்னே களை கட்டினான். நல்ல உயரம், தாத்தா காலத்து மாதிரி தோளில் வார் மாட்டிய கால்சட்டை, மேடைக்குரல். கரும்பலகைக்கு மேலே ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது.

"இவங்கதான் இந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர். எங்கம்மா! எங்க வீட்டுலதான் வாடகைக்குத் தங்கியிருந்தாங்க. அப்பாவோட மொத சம்சாரம் பனிப்புயல்ல போனப்புறம், தாயில்லாத குழந்தையைப் பாத்துக்கணுமேன்னு அப்பா இவங்களைக் கட்டிக்கிட்டாரு. புயல் அடிச்ச அதே வருஷம், ஜூலை ஒண்ணாந்தேதி, ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கிறப்ப நான் பொறந்தேன். நாடு பொறந்த நாளும் நான் பொறந்த நாளும் ஒண்ணு!"

கூட்டம் கை தட்டியது. ஒரெஸ்ட் கை தட்டாமல் விரல் மடித்தான்.

"மேடம், புயல் எப்ப?"

"மார்ச்," என்றாள் மார்த்தா.

"மார்ச்ல மொத சம்சாரம் போறா. ஜூலைல இவரு வராரு. அடேங்கப்பா! கோதுமைக்குக்கூட இதைவிட நாளாகுமே."

"வாயை மூடிட்டு வா."

டோர்வால்ட் வீடு ஊரை ஒட்டினாற்போல் தனியாக நின்றது. மரப்பலகை வீடு; பின்பக்கம் முற்றம், அதைத் தாண்டி மாட்டுக் கொட்டகை. வீட்டின் பின்வாசலிலிருந்து கொட்டகை வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஆர்னே அதைச் சுண்டிவிட்டான்.

"இதுதாங்க கதையே! புயல் அடிச்சா நீட்டின கை தெரியாது. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவுலயே தொலைஞ்சு செத்தவங்க உண்டு. அதனால கயிறு. பிடிச்சுக்கிட்டே போவாங்க, பிடிச்சுக்கிட்டே வருவாங்க. அன்னிக்குச் சாயங்காலம் பெரியம்மா, அதான் மொத சம்சாரம், பால் கறக்கப் போனா. போகும்போது கயிறு இருந்துச்சு. திரும்பும்போது இல்ல! ஏன்?" குரலைத் தாழ்த்திக் குனிந்தான். "ஏன்னா நம்ம சிக்னிக் குட்டிக்கு ஸ்கிப்பிங் ஆட ஆசை! வீட்டு முனையில முடிச்சை அவுத்துட்டா!"

ஆர்னே பையிலிருந்து ஸ்கிப்பிங் கயிறுகளை எடுத்து அங்கிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தான். மரப்பிடியில் 'சிக்னி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஒரு குழந்தை குதிக்க, அதன் அம்மா சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். காரில் இருப்பவளுக்கு இந்தச் சிரிப்புச் சத்தம் கேட்குமோ என்று ஒரெஸ்ட் ரோட்டுப் பக்கம் பார்த்தான்.

"அப்புறம்? அந்தம்மா கெடைச்சாங்களா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஏப்ரல்ல பனி உருகினப்புறம் கெடைச்சா. அந்தாண்ட குட்டை தெரியுதுல்ல, அங்க. படுத்துகூட இல்லீங்க, சாஞ்சு உக்காந்த வாக்குல. சரி சரி, அழாதீங்க. அடுத்த அயிட்டம் இருக்கு!"

அடுத்த அயிட்டம் பின்கதவு. ஆர்னே அதை இழுத்துச் சாத்தி வெளிப்பக்கத்தைக் காட்டினான். பழைய தேவதாரு மரம். மரம் நெடுக வளைவு வளைவாகக் காயம். வந்தவன் போனவன் எல்லாம் தடவித் தடவி அந்த இடம் பளபளத்தது.

"அதே ராத்திரி ஓநாய் வந்துச்சு! இதோ நகம் பட்ட இடம். தொட்டுக்குங்க, அதிர்ஷ்டம். அப்பா என்ன பண்ணாரு தெரியுமா? கதவுக்குக் கட்டை போட்டாரு. நார்வேலேர்ந்து வந்த மரப்பெட்டி உள்ள இருக்குது பாருங்க, அதை இழுத்து கதவுக்கு முட்டுக் குடுத்தாரு. அது மேல சிக்னியைத் தூக்கி உக்கார வச்சு, தானும் உக்காந்தாரு. விடிய விடிய! ஓநாய் ஒரு மணி நேரம் முட்டுச்சாம். அப்புறம் போயிடுச்சாம்."

"பொண்டாட்டி கொட்டகையில இருக்கிறப்பவா?" என்றாள் மார்த்தா.

"அங்க மாட்டுச் சூட்டுல பத்திரமா இருப்பான்னு நெனைச்சாரு, பாவம். யாருமே அப்படித்தான் நெனைப்பாங்க."

"பால் வாளி எங்க?"

"அட, நல்ல கேள்வி! சமையக்கட்டுல ஆணியில தொங்குது. நீல விளிம்பு. வீட்டுல இருந்ததே அந்த ஒரு வாளிதான். எங்கப்பா எதையும் தூக்கிப் போட மாட்டாரு. அதுக்கப்புறமும் அதுலதான் கறந்தோம். நான் குடிச்சு வளந்ததே அந்த வாளிப் பால்!"

கூட்டம் மறுபடி சிரித்தது. பிறகு பெர்ரிப் பணியாரமும் காபியும் இருக்கிற கடைப்பக்கம் நகர்ந்தது. ஆர்னே அவர்களை ஓட்டிக்கொண்டு போனான். முற்றத்தில் மார்த்தாவும் ஒரெஸ்ட்டும் மட்டும் மிச்சம்.

"நீதான் பெரியம்மா," என்றாள் மார்த்தா. "கொட்டகையிலேர்ந்து கிளம்பு. கண்ணை மூடிக்கோ."

"பெரியம்மாவுக்கு இவ்வளவு தொப்பை இருந்திருக்காது."

"கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வா."

ஒரெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்து வந்தான். பாதி வழியில் மார்த்தா வீட்டு முனை முடிச்சை அவிழ்த்துவிட்டாள். கயிறு தொய்ந்தது. ஒரெஸ்ட் நின்றான். கண்ணைத் திறக்காமலே கையில் இருந்ததை இழுத்துப் பார்த்தான். கொட்டகை முனை இறுக்கமாகத்தான் இருந்தது. இழுத்துக்கொண்டே திரும்பிப் போய், கொட்டகைக் கதவில் முட்டிக்கொண்டான்.

"மேடம்! இது கொல்லாது. எந்த முனை அவுந்தாலும் இன்னொரு முனை இருக்கும். அந்தப் பக்கம் மாடுங்க. ராத்திரி பூரா மாட்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டு, காலையில எழுந்து வந்து புருஷனைத் திட்டியிருப்பா. இங்க பொறந்து வளந்தவளுக்கு இது தெரியாதா? சிக்னிம்மா ஜெயிச்சாச்சு! வாங்க, போய்ச் சொல்லுவோம்."

"இரு. அப்ப எப்படிச் செத்தா?"

மார்த்தா உள்ளே போய் வாளியோடு வந்தாள். நீல எனாமல் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்து, எனாமல் உதிர்ந்து கருப்பாக இருந்தது. அதைக் கதவில் இருந்த ஒரு வளைவின் மேல் சாய்த்து வைத்தாள். பொருந்தியது. அடுத்ததில் வைத்தாள். அதிலும் பொருந்தியது.

"நகம் கீறினா நாலு கோடு பக்கத்துல பக்கத்துல விழும்," என்றாள். "இது ஒண்ணொண்ணும் பிறை மாதிரி ஒத்தையா இருக்கு. தகர விளிம்பு இடிச்ச இடம். இந்த மாதிரி ஆயிரம் பாத்திருக்கேன். புயல்ல ஓநாய் வேட்டைக்குப் போகாது, பனிக்குள்ள சுருண்டு படுத்துக்கும்."

ஒரெஸ்ட் குனிந்து ஒரு வளைவை விரலால் தடவினான்.

"மேலேர்ந்து பாரு. மொத அடியெல்லாம் நெஞ்சு உயரம். நல்ல ஆழம். அடுத்தது இடுப்பு உயரம். அப்புறம் முட்டி உயரம், ஆழமே இல்ல. கடைசி ரெண்டும் சும்மா உரசினது. கயிறு அவுரவே இல்ல, ஒரெஸ்ட். கயித்தைப் புடிச்சுக்கிட்டு ஒழுங்கா வீட்டுக்கு வந்து சேந்துட்டா. கதவைத்தான் தெறக்கல. இப்பத் தெறப்பாங்க, இப்பத் தெறப்பாங்கன்னு இடிச்சுக்கிட்டே இருந்திருக்கா, கொட்டகைக்குத் திரும்பிப் போகத் தெம்பே மிச்சம் இல்ல."

"உக்காந்த வாக்குல கெடைச்சான்னானே..."

"சாஞ்சு உக்காந்த வாக்குல. குட்டையில முதுகு சாய என்ன இருக்கு?"

ஒரெஸ்ட் கதவைப் பார்த்தான். பலகை இரண்டு விரல் கனம்தான் இருக்கும்.

"நல்லா வேலை செய்யறீங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆர்னே காபிக் கோப்பையோடு நின்றிருந்தான். மேடைக்குரல் போய்விட்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் மார்த்தா.

"அப்பா சாகறப்ப சொன்னாரு. பாதிரியார் வந்தப்பகூட வாயைத் தெறக்கல, எங்கிட்ட சொன்னாரு. புயல் விட்டதும் சறுக்கு வண்டியில வச்சு குட்டைக்கு இழுத்துட்டுப் போனாராம். வாளியை மட்டும் அங்க போட மனசு வரலையாம். நல்ல வாளியாச்சேன்னு எடுத்துட்டு வந்து கழுவி மாட்டிட்டாராம்." ஒரு வாய் காபி குடித்தான். "எங்கம்மாவுக்கு எவ்வளவு தெரியும்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்."

"த்தூ!" என்றான் ஒரெஸ்ட். "தெரிஞ்சுக்கிட்டே, கூடப்பொறந்தவளைப் பொம்மையாக்கிக் குழந்தைங்க கையில குடுத்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனா? நாளைக்கு அந்தச் சிலையை உன் தலையில போட்டு உடைக்கறேனா இல்லையா பாரு!"

ஆர்னே கோபப்படவில்லை. மார்த்தாவை மட்டுமே பார்த்தான்.

"அவகிட்ட சொல்லப்போறீங்களா? தாராளமா சொல்லுங்க. கயித்தை அவுத்தா, குழந்தை விளையாட்டுத்தனமா பண்ணிடுச்சுன்னு ஆகும். கர்த்தர் மன்னிப்பாரு, ஊரும் ஒருநாள் மன்னிக்கும். அந்தப் பெட்டி மேல உக்காந்திருந்தது யாருன்னு யோசிச்சீங்களா மேடம்?"

மார்த்தா கையில் வாளி அப்படியே நின்றது.

ஒரெஸ்ட்டுக்கு இரண்டு வினாடி பிடித்தது. புரிந்ததும் கதவை விட்டு ஒரு அடி பின்னால் போனான். இந்தப் பக்கம் ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் பெட்டி மேல் அவள் மகள், கதவில் முதுகை வைத்துக்கொண்டு. நடுவில் இரண்டு விரல் பலகை.

"மேடம்," என்றான் மெல்ல. "கயிறு அவுரலன்னு மட்டும் சொல்லுவோம். அதோட விட்டுடலாம். கேட்டது அவ்வளவுதானே?"

மார்த்தா பதில் சொல்வதற்குள் வீட்டு மூலையில் காலடி கேட்டது. சிக்னி வந்துகொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததைப் பார்த்துவிட்டு, காரில் உட்கார முடியாமல் இறங்கி நடந்திருக்கிறாள். முற்றத்தில் தொய்ந்து கிடந்த கயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"நீங்க அவுக்கல," என்றாள் மார்த்தா. "யாருமே அவுக்கல. அது அவுரவே இல்ல."

சிக்னி ஏதோ கேட்க நினைத்தவள் போல் உதட்டை அசைத்தாள். பிறகு சிரித்தாள். அறுபத்தேழு வயசுக்காரியின் சிரிப்பே இல்லை அது. ஒரெஸ்ட்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் இல்லையாம்! கேட்டியா தம்பி, நான் இல்லையாம்!" என்று குலுக்கினாள். ஒரெஸ்ட்டும் பதிலுக்குக் குலுக்கினான். இப்படியே காருக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, இந்த ஊரை விட்டே ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தான்.

"வாங்கம்மா, போலாம்," என்றான். "பணியாரம் வாங்கித் தரேன்."

"இரு. அப்ப அம்மா ஏன் வரல?"

சிக்னி மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். மார்த்தா கையில் இருந்த நீல விளிம்பு வாளியைப் பார்த்தாள்.

"இது... அம்மா கொண்டுபோன வாளி. இது எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பத்து வருஷம் அதே வாளிப் பாலைக் குடித்தும், அம்மாவைக் கொன்றது நான்தான் என்ற நினைப்பு அவளைக் கேட்க விட்டதில்லை. மெதுவாக நடந்து கதவருகே போனாள். வளைவுகளைத் தொட்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. குனிந்து குனிந்து, கடைசி இரண்டைத் தொடும்போது மண்டியிட்டிருந்தாள்.

"அது ஓநாய், அக்கா," என்றான் ஆர்னே. "ஓநாய்தான். நீயே கேட்டியே அன்னிக்கு."

சிக்னி தம்பியைப் பார்க்கவில்லை. "மேடம்?" என்றாள்.

உண்மை எதுவானாலும் சொல்லிவிடுவேன் என்று காரில் சொன்ன மார்த்தா, வாளியைத் தரையில் வைத்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிக்னிக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு," என்றாள் சிக்னி. "ஓநாய்க்கு என் பேரு எப்படிப்பா தெரியும்னு கேட்டேன். அதுங்க அப்படித்தான் ஏமாத்தும், நீ சத்தமாப் பாடு, போயிடும்னாரு. தேவாலயத்துல கத்துக்குடுத்த பாட்டு எல்லாத்தையும் பாடினேன். தொண்டை கட்டுற வரைக்கும் பாடினேன். நெசமாவே சத்தம் நின்னுடுச்சு. பாத்தியா, உன் பாட்டுக்குப் பயந்துடுச்சுன்னு தட்டிக்குடுத்தாரு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

ஒரெஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆர்னே காபிக் கோப்பையைக் கவிழ்த்து, இருந்ததையெல்லாம் புல்லில் ஊற்றினான். என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

சிக்னி எழுந்தாள். கைகொடுக்க வந்த ஒரெஸ்ட்டை வேண்டாம் என்று தள்ளினாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். தொய்ந்து கிடந்த கயிற்றின் முனையை எடுத்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டாள்.

"ஆர்னே, நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறீங்க?"

"அக்கா, அதெல்லாம் வேணாம். நான் நிறுத்திடறேன்..."

"நிறுத்தாதே. நானே வந்து துணியை எடுக்கறேன்." மார்த்தா பக்கம் திரும்பினாள். கண்ணில் ஈரம்கூட இல்லை. "நீங்க வந்தீங்க, பாத்தீங்க, ஒண்ணும் கெடைக்கல. அப்படித்தான் கேக்கறவங்ககிட்ட சொல்லணும். கயித்தை நான்தான் அவுத்தேன்."

"அம்மா, நீங்க அவுக்கலன்னு..." என்று ஆரம்பித்தான் ஒரெஸ்ட்.

"நான்தான் அவுத்தேன்!" என்று கத்தினாள் சிக்னி. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எனக்கு ஸ்கிப்பிங் ஆடணும்னு இருந்துச்சு."